காவலுக்கு நின்றவர்

எங்கள் ஊர் மணலூர்பேட்டையில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொல்வோமே தவிர, உண்மையில் அடிப்பது ஆற்றுத் திருவிழாவுக்காகத்தான். தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அவரோடு சேர்ந்து சொந்தக்காரர்களும் வந்து இறங்குவார்கள். வீடு அழுக்காக இருந்தால் அம்மாவுக்கு மானம் போய்விடும்.

1994ஆம் வருஷக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வண்ணமடிக்க வந்தவர் ஓர் இலங்கை அகதி. முகாமிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். முகாமில் தலைக்கணக்கு எடுக்கும் நாளில் வேலைக்கே வர மாட்டார். முப்பது வயது இருக்கும். அப்பா அவரைப் பார்த்த அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார்: “பாவம், படிச்ச புள்ள மாதிரி இருக்குது. டீ கீ குடுத்துப் பாத்துக்க.”

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என் அறையில் சுவரோடு சேர்ந்த மர அலமாரி ஒன்று உண்டு. அதன் கதவுக்கு உள்பக்கம், ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய பிரபாகரன் படம் ஒட்டியிருந்தேன். இயக்கத்துக்குத் தடை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அதனால்தான் உள்பக்கம். அந்தப் பயமே எனக்கு ஒரு சுகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. போராட்டத்துக்கு நான் கொடுத்த மொத்த விலை, அலமாரிக் கதவைத் திறந்தால் உடனே மூடிவிடுவது.

அந்தக் கதவுக்கு உப்புத்தாள் போட வந்தபோது அவர் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தம்பி, இதைக் கழட்டட்டோ, இல்லாட்டி சுத்தி அடிக்கட்டோ?” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அப்படியே இருக்கட்டும் அண்ணா” என்றேன். அவர் சுற்றி அடித்தார். மிகச் சுத்தமாக அடித்தார், ஒரு சொட்டு படத்தின் மேல் படவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, நான் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் சொன்னார். ஏ.எல். கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். “சோதினை எழுதியிருந்தா கம்பஸ் போயிருப்பன்” என்றார். பல்கலைக்கழகத்தை அவர்கள் கம்பஸ் என்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். 1983க்குப் பிறகு படகேறி வந்து, தமிழ்நாட்டில் ஒரு தென்னந்தோப்பில் இருந்த முகாமில் சேர்ந்தார். எந்த இயக்கம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஒரே ஓர் இயக்கம்தான் இருக்க முடியும் என்பது என் நினைப்பு.

அங்கே ஒரு பையனை உளவாளி என்று பிடித்து ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். “எங்கட ஊர்ப் பெடியன்தான். நான் காவலுக்கு நிண்டனான். உள்ளுக்க சத்தம் கேட்டது.”

“அப்புறம்?”

“நான் போகேல்லை.”

“அடுத்த நாள் என்ன பண்ணீங்க?”

“அடுத்த நாளும் நிண்டனான்.”

அவ்வளவுதான். எழுந்து போய்த் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர் மேல் வந்தது இரக்கம் இல்லை, கோபம். அந்தப் பையனுக்காக வந்த கோபம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. புனிதமான ஒன்றைப் பற்றி இந்த ஆள் இப்படிப் பேசுகிறாரே என்றுதான் கோபம். சாயங்காலம் கடைத்தெருவில் நண்பனிடம், “எங்க வூட்ல வேலை செய்றவரு ஓடி வந்த கேஸுடா, துரோகி” என்று சொன்னேன். மிச்ச நாட்களில் அவர் இருந்த பக்கம் நான் போகவில்லை. வேலை முடிந்து கூலி வாங்கிக்கொண்டு போனார்.

அந்த உரையாடலில் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்பது “அடுத்த நாளும்” என்ற சொல். ஏனென்றால் நாம் கற்பனை செய்யும் கொள்கை முறிவு அப்படி நடப்பதில்லை. ஒரு மாணவன் நம்பிக்கையோடு போகிறான், ஒரு கொடுமையைப் பார்க்கிறான், கண் திறக்கிறது, துப்பாக்கியைப் போட்டுவிட்டு நடக்கிறான். சினிமாவில் ஒரே காட்சி. அவரோ பார்த்த பிறகும் நின்றார். எத்தனை நாள் நின்றார் என்று எனக்குத் தெரியாது.

இதற்கு நம்மிடம் இருக்கும் சொற்களும் சரியாக உதவுவதில்லை. ஏமாற்றம் என்றால் யாரோ ஏமாற்றினார்கள் என்று ஆகிறது, குற்றம் முழுக்க அந்தப் பக்கம் போய்விடுகிறது. விரக்தி என்பது ஒரு காலத்தில் பற்றறுத்தலைக் குறித்த பெரிய சொல், இப்போது பரீட்சையில் தோற்றவனுக்கும் அதுதான். தெளிதல் என்பது பரவாயில்லை. பெண்ணையில் புதுவெள்ளம் வந்தால் தண்ணீர் செம்மண் குழம்பாக இருக்கும். பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் மண் எங்கும் போவதில்லை. அதே பானையின் அடியில்தான் கிடக்கும். அசைத்தால் மேலே வரும்.

கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ நாவலை நான் படித்தது அந்த மார்கழிக்குப் பல வருஷம் கழித்து. 1985ல் எழுதி வெளியான புத்தகம். கோவிந்தன் என்பது புனைபெயர். புளொட் இயக்கத்தில் இருந்து, அதன் முகாம்களுக்குள் நடந்ததைத் தாங்க முடியாமல் வெளியேறி, ‘தீப்பொறி’ என்று தனியாகச் செயல்பட்ட குழுவைச் சேர்ந்தவர். தஞ்சைப் பக்கம் ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் இருந்த புளொட் முகாம்களில் சந்தேகத்தின் பேரில் சொந்தத் தோழர்களே வதைக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் பின்னாளில் பலரும் பதிவு செய்த விஷயம். அந்த இயக்கத்தின் முக்கியமானவர்களில் ஒருவரான சந்ததியார், விலகிய பிறகு 1985ல் தமிழ்நாட்டிலேயே கொல்லப்பட்டார். அதே வருஷம், கொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஒளிந்துகொண்டு ஒருவர் இதையெல்லாம் நாவலாக எழுதுகிறார். பின்னாளில் அவரைப் புலிகள் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அந்த நாவலில் கலை நுட்பம் தேடுகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவசரத்தில் எழுதியது தெரிகிறது. ஆனால் அதைப் படிக்கும்போதுதான் தென்னந்தோப்பு என்ற சொல்லை நான் மறுபடி கேட்டேன்.

முகாமுக்கு வந்த பையன்கள் யார் என்பதை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மதிப்பெண் எடுத்தும் வெளியே நின்ற ஒரு தலைமுறையை உண்டாக்கியது. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 புத்தகங்கள். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் படகு ஏறாத பையனைப் பற்றித்தான் நாம் காரணம் கேட்க வேண்டும். அவர்கள் முட்டாள்தனத்தால் போகவில்லை, நியாய உணர்ச்சியால் போனார்கள். எனக்குச் சிக்கலாகப் படுவதும் இந்த இடம்தான். ஒருவனை முகாமுக்குக் கொண்டுபோன அதே குணங்கள்தான் அவனைக் கொட்டகை வாசலில் நிறுத்தின. தன்னை மறத்தல், கட்டளைக்குப் பணிதல், சொந்தச் சந்தேகத்தை விடப் பெரிய ஒன்று இருக்கிறது என்ற பணிவு. வீட்டில் அம்மாவின் அழுகையைத் தாண்டிப் போனவன், கொட்டகையிலிருந்து வரும் அழுகையையும் தாண்டப் பழகிக்கொள்கிறான். இரண்டும் அவனுக்கு ஒரே தியாகத்தின் இரண்டு பகுதி.

ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு 1936ல் போன சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியைக்கு இதே அனுபவம். பாசிஸத்துக்கு எதிராக, அராஜகவாதிகளின் படையில் சேர்ந்தார். கொதிக்கும் எண்ணெயில் கால் வைத்துச் சுட்டுக்கொண்டதால் சில வாரங்களில் திரும்ப வேண்டியதாயிற்று. எதிரணியில் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையன் ஒருவனிடம் தளபதி டுருட்டி ஒரு மணி நேரம் கொள்கை பேசிவிட்டு, எங்களோடு சேர், இல்லையென்றால் சாவு, யோசிக்க 24 மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார். பையன் சேரவில்லை, சுட்டார்கள். இந்தச் சாவு தன் மனச்சாட்சியை விட்டு நீங்கவே இல்லை என்று வெய்ல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். கடிதம் யாருக்கு என்பது முக்கியம். ஜார்ஜ் பெர்னானோஸ், எதிர்ப் பக்கத்து எழுத்தாளர், மன்னராட்சி ஆதரவாளர், கத்தோலிக்கர். அவர் பிராங்கோ ஆட்கள் செய்த கொலைகளைத் தன் கண்ணால் பார்த்து, தன் பக்கத்தைப் பற்றியே புத்தகம் எழுதியவர். உங்கள் கொள்கை எனக்கு ஆகாது, ஆனாலும் என்னோடு போரிட்ட தோழர்களை விட நீங்கள்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறீர்கள் என்ற பொருளில் எழுதுகிறார் வெய்ல்.

அதே கடிதத்தில் அவர் சொல்லும் இன்னொன்று கொலையை விடப் பயங்கரமானது. தேவையில்லாமல் சிந்திய ரத்தத்தைப் பற்றி, தனியாக இருக்கும்போதுகூட அருவருப்புக் காட்டிய ஒருவரையும் தான் பார்க்கவில்லை என்கிறார். நல்லவர்கள்தான், தைரியமானவர்கள்தான். முகம் சுளித்தால் ஆண்மையில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். காவல் நின்றவரின் “நான் போகேல்லை” எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளங்கியது. உள்ளே போய்க் கேட்க அவருக்குத் துப்பாக்கிப் பயம் இருந்திருக்கும், சந்தேகமே இல்லை. அதோடு இன்னொரு பயமும் இருந்திருக்கும். தான் பலவீனமானவன் என்று தனக்கே தெரிந்துவிடும் பயம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மை இல்லை. என் நண்பர் ஒருவர் இன்றைக்கும் சொல்வார்: “ஏம்ப்பா, ஆயிரக்கணக்குல கொன்னது அரசாங்கம். முள்ளிவாய்க்கால்ல நடந்ததுக்கு ஒருத்தனும் பதில் சொல்லல. நீ இன்னும் தென்னந்தோப்புல நாலு பேரு செத்ததையே புடிச்சிக்கினு தொங்குற. யாருக்கு லாபம் இதனால?”

லாபம் எதிரிக்குப் போகக்கூடும், ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையிலும் அவர் சொல்வது சரி. இயக்கங்கள் செய்ததை அரசு செய்ததோடு தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அரசு என் பெயரால் கொல்லவில்லை. தென்னந்தோப்பில் நடந்தது தமிழின் பெயரால், அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்த என் போன்றவனின் பெயரால் நடந்தது. அடுத்தவன் வீட்டுக் கொலை பெரியது என்பதால் என் வீட்டுக் கொட்டகையில் நடந்தது நடக்காமல் போகுமா?

மௌனம் போராட்டத்தைக் காப்பாற்றியதா என்றும் பார்க்கலாம். 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோ இயக்கத்தை அழிக்கத் தொடங்கினார்கள். மே 6ஆம் தேதி அதன் தலைவர் சிறீசபாரத்தினம் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத் தெருக்களில் பையன்கள் பையன்களை எரித்தபோது ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஈழத்துக்காகப் படகேறிய புளொட் பையன்களில் ஏறத்தாழ எண்பது பேர் 1988 நவம்பரில் மாலத்தீவில் போய் இறங்கினார்கள், அங்கே ஒரு தொழிலதிபருக்காக ஆட்சியைக் கவிழ்க்க. அடுத்த வருஷம் அந்த இயக்கத்தின் தலைவர் உமாமகேஸ்வரன் கொழும்பில் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார். சந்தேகப்படுகிறவனைக் கொல்லும் இயக்கத்துக்குப் பிறகு சந்தேகப்பட ஆளே மிச்சமிருக்காது. சரி, இதெல்லாம் நடக்காமல் வெற்றியே கிடைத்திருந்தால்? அப்போதும் அந்தக் கொட்டகை நியாயமாகியிருக்காது. தோல்வியைக் காட்டி ஒன்றைத் தப்பு என்று நிரூபிப்பது எளிது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016ல் வந்தது, அவர் புற்றுநோயில் இறந்த அடுத்த வருஷம். 1991ல், பரந்தனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மாணவியாகப் புலிகளில் சேர்ந்தவர், மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராகி, கடைசிவரை இருந்து 2009ல் சரணடைந்தவர். கட்டாய ஆள்சேர்ப்பைப் பற்றியும், அதில் தன் துறைக்கு இருந்த பங்கைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புத்தகம் வந்ததும் இரண்டு பக்கமும் அடித்தார்கள். அதை எழுதியது அவரே இல்லை என்றார்கள் ஒரு சாரார். அவர்தான் எழுதினார் என்று ஏற்றவர்கள், பதினெட்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எதற்கு என்று கேட்டார்கள்.

இரண்டாவது கேள்வி நியாயமானது போலத் தெரியும். அப்போதே பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் அதன் நியாயம் கொஞ்சம் ஆடும். செல்வி, முழுப்பெயர் செல்வநிதி தியாகராஜா. கவிஞர், யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி, ‘தோழி’ என்ற இதழை நடத்தியவர். ஒரு காலத்தில் அவரும் புளொட்டில் இருந்து விலகியவர்தான். தமிழினி புலிகளில் சேர்ந்த அதே 1991ல், ஆகஸ்ட் மாதம் 30ஆம் தேதி, செல்வியைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1992ல் பென் அமைப்பு அவருக்கு எழுத்துச் சுதந்திரத்துக்கான விருதை அறிவித்தது. வாங்க அவர் வரவில்லை. அவருக்கு இரண்டு வருஷம் முன்பு, 1989 செப்டம்பர் 21ல், யாழ் மருத்துவ பீடத்து ரஜனி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ஆரம்பத்தில் புலிகளுக்கு ஆதரவாக இருந்து விலகியவர், ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர்.

அன்றைக்கே பேசினால் சாவு. பிறகு பேசினால், ஏன் அன்றைக்கே பேசவில்லை? கேட்கிறவர்கள் எப்போதும் உயிரோடு பத்திரமாக இருக்கிறவர்கள்.

அதற்காகத் தாமதமாகப் பேசியவரைக் குற்றமற்றவர் ஆக்கவும் என்னால் முடியவில்லை. மகளை இழுத்துப் போக வந்தவர்கள் முன்னால் நின்ற தாய்க்கு, அந்தத் துறையின் பொறுப்பாளர் மனசுக்குள் பட்ட வேதனையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தமிழினியை நான் மதிப்பது, தானும் அதில் இருந்ததாகச் சொன்ன இடங்களுக்காக. “அவர்கள் செய்தார்கள்” என்று மட்டும் எழுதும் நினைவுக்குறிப்புகள் இதற்குள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் எழுதியவர் எப்போதும் வேறு அறையில் இருக்கிறார், அல்லது விடுப்பில் போயிருக்கிறார். காவல் நின்றதாகச் சொல்கிறவர்கள் குறைவு. சாட்சியம் என்று நான் நம்புவது அந்தக் குறைவான பேர் சொல்வதைத்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குத் தெளிவே வராமல் போனதன் காரணம், நாங்கள் எதையும் பணயம் வைக்கவில்லை என்பதுதான். முகாமில் இருந்தவனுக்குச் சத்தம் கேட்டது. எங்களுக்குக் கேட்கவில்லை, படம் மட்டும் கிடைத்தது. ஒரத்தநாடு வேறு நாட்டில் இல்லை. அந்தத் தோப்புகளுக்குப் பக்கத்தில் வயல் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள், அரிசி பருப்பு விற்றவர்கள் நம் கடைக்காரர்கள். ஒன்றுமே தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊருக்குக் கீழே, திருக்கோவலூரில், பெண்ணையாற்றுக்குள் கபிலர் குன்று இருக்கிறது. பாரி செத்த பிறகு கபிலர் உயிர்விட்ட இடம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களை அழைத்துப் போய் நட்பின் பெருமை சொல்லிக் கொடுத்தார்கள். இதே மலையமான் நாட்டுக்கு இன்னொரு புறநானூற்றுக் கதையும் உண்டு, அதை யாரும் அழைத்துப் போய்ச் சொல்லவில்லை. மலையமானின் சின்னக் குழந்தைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் குறுக்கே போய்ப் பேசிக் காப்பாற்றுகிறார். புறநானூற்றில் 46ஆம் பாட்டு. அடுத்த பாட்டும் அவருடையதுதான். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், இரண்டு சோழர்கள், தங்களுக்குள் சண்டை. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான். கோவூர் கிழார் பாடி உயிரை மீட்கிறார். ஒரே மொழி, ஒரே குலம், இரண்டு அணி, உளவாளி என்ற சந்தேகம். வீரத்தைப் பற்றிப் புறநானூற்றிலிருந்து எத்தனையோ வரிகளை மேடையில் கேட்டிருக்கிறேன். இந்தப் பாட்டை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

இளந்தத்தனைக் கட்டி வைத்திருந்த இடத்தின் வாசலிலும் ஒரு காவல்காரன் நின்றிருப்பான். அவனைப் பற்றிப் பாட்டில் ஒன்றும் இல்லை. கோவூர் கிழார் வருவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. தென்னந்தோப்புக்கு யாரும் வரவில்லை.

அந்த அலமாரி இன்னும் இருக்கிறது. படத்தை நான் எடுத்தது 2009க்கும் பிறகு. கொள்கை மாறி எடுக்கவில்லை, கதவில் கரையான் ஏறிவிட்டது. உரித்தபோது, சுற்றிலும் அவர் அடித்த வண்ணத்தின் விளிம்பு கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. அந்த ஊர்ப் பையனுடைய பெயரை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கொட்டகையில் நடந்ததைச் சொன்னவருக்கு, பெயரைச் சொல்வதில் என்ன.